சென்ட்ரல் ஒரு மணி நேரமாம்! கும்மிடிப்பூண்டிப் பக்கம் முதல் வீடு வாங்கலாமா?

ஆரம்பாக்கம் அக்கா:
போன வாரம் பூண்டிக்காரன் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு ஆறவே இல்லை. "முதல் வீடு வாங்குகிறவர்கள் தாம்பரம், ஆவடி என்று அலையாதீர்கள், கும்மிடிப்பூண்டிக்கு வாருங்கள், சென்ட்ரல் ஒரு மணி நேரம்தான்." ஒரு மணி நேரமாம்! பதினோரு வருடமாக இந்த லைனில் வேலைக்குப் போய் வருகிறேன். எங்கள் ஊரில் வண்டி கம்மி, அதனால் டவுன் பஸ் பிடித்துக் கும்மிடிப்பூண்டி வந்து லோக்கல் ஏறுவேன். அங்கிருந்து சென்ட்ரலுக்கு ஐம்பது கிலோமீட்டருக்குப் பக்கம், நடுவில் பதினைந்து ஸ்டேஷன். ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட ஒரு மணி நேரத்தில் போய் இறங்கியதில்லை. மனை விற்கிறவன் நோட்டீஸில் போட்டால் அவன் பிழைப்பு என்று விட்டுவிடலாம். குடியிருக்கிறவரே இப்படி எழுதலாமா?

பூண்டிக்காரன்:
வணக்கம் அக்கா. நான் எழுதியது "சுமார்" ஒரு மணி நேரம் என்ற அர்த்தத்தில். படிக்கிறவர்களுக்குப் புரிந்திருக்கும், உங்களுக்கு மட்டும்தான் புரியவில்லை போலிருக்கிறது. 2018ல் பெரம்பூர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே இரண்டு பெட்ரூம் வீடு வாங்கினேன். அன்றைக்குச் சிரித்த சொந்தக்காரர்கள் எல்லாம் இன்றைக்கு "அந்தப் பக்கம் மனை ஏதாவது இருக்கிறதா" என்று போன் போடுகிறார்கள். 2022ல் அரசாணையே வந்துவிட்டது, சென்னைப் பெருநகர் எல்லை 1189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5904 ஆகி, கும்மிடிப்பூண்டியும் உள்ளே வந்துவிட்டது. ஆகவே நாங்களும் சென்னைதான். சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது, ஹைவே இருக்கிறது, ரயில் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

ஆரம்பாக்கம் அக்கா:
"சுமார்" என்ற சொல் நீங்கள் எழுதியதில் இல்லை. திரும்பப் போய்ப் படித்துப் பாருங்கள். அரசாணையில் கோடு போட்டால் வண்டி வேகமாக ஓடுமா?

மீஞ்சூர் வாடகைக்காரன்:
அக்கா சொல்வதில் பாதிதான் சரி. அத்திப்பட்டு வரைக்கும் நாலு லைன் இருக்கிறது, 2021 பிப்ரவரி 14ல் பீச் ஸ்டேஷனிலிருந்து நாலாவது லைனைத் திறந்துவைத்தார்கள். வடக்கே போகப் போக ரெண்டே லைன். அந்த ரெண்டிலேயே ஆந்திரா எக்ஸ்பிரஸ், சரக்கு, லோக்கல் எல்லாம் போக வேண்டும். எக்ஸ்பிரஸ் வந்தால் லோக்கல் ஒதுங்கி நிற்கும். போன மாதம் அனுப்பம்பட்டுப் பக்கம் நின்றபோது பக்கத்து லைனில் போன சரக்கு வண்டியை எண்ணினேன், 58 பெட்டி. எதிர் சீட்டில் இருந்தவர் 59 என்றார், கடைசியில் வந்த கார்டு பெட்டியையும் சேர்த்தாராம். அதற்கே பொன்னேரிக்காரர்கள் ரெண்டு பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் மீஞ்சூருக்கு வடக்கே வாங்கவே கூடாது. இன்னும் சொன்னால் எங்கேயுமே வாங்கக் கூடாது. 20 லட்சம் கடன், எட்டரை சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதம் 17,350 ரூபாய்க்கு மேல் தவணை, மொத்தத்தில் 41 லட்சத்துக்கு மேல் கட்டுவீர்கள். நான் வாடகையில் நிம்மதியாக இருக்கிறேன்.

பூண்டிக்காரன்:
நிம்மதியாக இருக்கிறவர் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அடுத்தவர் கடனுக்கு ஏன் கணக்குப் போடுகிறார்?

முதல் வீடு:
அண்ணே, அக்கா, இரண்டு பேருக்கும் வணக்கம். எனக்கு வேலை பாரிமுனைப் பக்கம், மனைவி திருவொற்றியூரில் டீச்சர். பட்ஜெட் 25 லட்சம். கட்டின வீடா, மனையா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. எந்த ஊர் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

சூலூர்பேட்டை வாத்தியார்:
தம்பி, 25 லட்சத்துக்கு எல்லைக்கு அந்தப் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். தமிழ்நாட்டில் முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். ஆந்திராவில் எல்லாம் சேர்த்து ஏழரை. 25 லட்சத்தில் 37,500 ரூபாய் கையில் நிற்கும். தடாவைத் தொட்டாற்போல ஸ்ரீசிட்டி தொழில் நகரம், இந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. நாளைக்கு உங்களுக்கே சென்னை வேலை அலுத்துப்போகலாம். நான் சூலூர்பேட்டையில் 30 வருடம் இருக்கிறேன். இங்கிருந்தும் லோக்கல் ஓடுகிறது.

பூண்டிக்காரன்:
ஓடுகிறது, ஒரு நாளைக்கு எத்தனை ஓடுகிறது என்று சொல்லுங்கள் வாத்தியாரே. ஒன்றை விட்டால் அடுத்ததுக்குள் பிளாட்பாரத்திலேயே ஒரு தூக்கம் போடலாம். அது போக, பத்திரம் தெலுங்கில் வரும். முதல் வீடு வாங்குகிற பிள்ளை தன் வீட்டுப் பத்திரத்தைத் தானே எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாத ஊரிலா வாங்குவது?

சூலூர்பேட்டை வாத்தியார்:
இங்கே எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் இருக்கிறோம், யாரும் சாகவில்லை. தடாவில் டீக்கடையில் நின்றால் "ரெண்டு டீ"யும் காதில் விழும், "ரெண்டு சாய்"யும் விழும், கல்லாவில் இருக்கிறவர் இரண்டுக்கும் திரும்புவார். 1960 ஏப்ரலில், எல்லைத் தகராறைத் தீர்க்க வந்த படாஸ்கர் சொன்னபடி எல்லையை மாற்றினார்கள், திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனது, நாங்கள் இங்கேயே நின்றோம். அதற்காக எங்கள் ஊர் வேற்று நாடா? பத்திரம் படிக்கத் தெரியாவிட்டால் எழுதுகிறவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஆரம்பாக்கம் அக்கா:
உங்கள் ஒரு மணி நேரமும் அவர் ஒரு மணி நேரம் மாதிரிதானா வாத்தியாரே?

பூண்டிக்காரன்:
அக்கா, விஷயத்துக்கு வருவோம். காலை முதல் வண்டிகளில் நான் நேரம் பார்த்திருக்கிறேன். 1 மணி 10 நிமிடம். ஒரு மணி பத்தை ஒரு மணி என்று சொல்லுவது உலக வழக்கம். நீங்கள் ஆபீஸ் கூட்டத்தில் ஏறி, எண்ணூரில் நின்றதையும் மீஞ்சூரில் நின்றதையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறீர்கள். வண்டி ஓடுகிற நேரம் வேறு, நிற்கிற நேரம் வேறு.

ஆரம்பாக்கம் அக்கா:
அடடா! ஓடுகிற நேரத்துக்கு மட்டும்தான் ஆபீஸில் சம்பளம் தருகிறார்களா? நான் வீட்டில் காலை 5.40க்குக் கதவைப் பூட்டுகிறேன். சைக்கிள் ஸ்டாண்ட் கிடையாது, பஸ். பஸ்ஸில் எங்களுக்கு டிக்கெட் இல்லை, அது ஒன்றுதான் லாபம். லேடீஸ் பெட்டியில் கவரைப்பேட்டையிலேயே உட்கார இடம் தீர்ந்துவிடும், பொன்னேரியில் பூக்கூடை ஏறும், அத்திப்பட்டில் கால் வைக்க இடமிருக்காது. எண்ணூர் தாண்டும்போது துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொள்வோம், பேச்சு அப்படியே நின்று திருவொற்றியூரில்தான் மறுபடி தொடங்கும். மழைக்காலத்தில் இதில் எந்த நேரமும் நிச்சயமில்லை. ராத்திரி எட்டரைக்குத் திரும்பி வந்து ஸ்டேஷனில் இறங்கினால் ஆட்டோக்காரர் கேட்கிற காசு, அந்த மாதச் சீசன் டிக்கெட்டை நினைக்க வைக்கும். ஸ்டேஷனிலிருந்து வீடு எவ்வளவு தூரம் என்று யாரும் எழுதுவதில்லை. சென்ட்ரல், சென்ட்ரல் என்றே எழுதுகிறீர்கள்.

பூண்டிக்காரன்:
பார்த்தீர்களா, கேள்வி "சென்ட்ரல் எவ்வளவு நேரம்" என்பது. இப்போது ஆட்டோவுக்குப் போய்விட்டீர்கள். தோற்கிறவர்கள்தான் பேச்சை மாற்றுவார்கள்.

மீஞ்சூர் வாடகைக்காரன்:
ஒரு நிமிடம், அந்த வண்டி சென்ட்ரலுக்கே போவதில்லை. அது மூர்மார்க்கெட் வளாகம். சென்ட்ரல் பக்கத்துக் கட்டடம்.

பூண்டிக்காரன்:
நாசமாய்ப் போச்சு.

ஆரம்பாக்கம் அக்கா:
இதில் அவர் பக்கம்தான் நான். எல்லோரும் சென்ட்ரல் என்றுதான் சொல்லுவார்கள். ஆனால் ஒரு மணி நேரம் பொய்தான்.

திருவள்ளூர் பையன்:
மன்னிக்கணும், நடுவில் வருகிறேன். "பூண்டிக்காரன்" என்று பெயர் வைத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டியைப் பற்றி எழுதுகிறீர்களே, பூண்டி எங்கள் ஊர். 1944ல் திறந்த ஏரி. போன வாரம் என் மாமா உங்கள் பதிவைப் பார்த்துவிட்டு "பூண்டியிலிருந்து ரயிலா?" என்று என்னிடம் கேட்டார். பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்.

பூண்டிக்காரன்:
தம்பி, உங்கள் ஏரிக்கு முன்னாலேயே எங்கள் ஊர் இருக்கிறது. ஏரி என்றால் எங்கள் தாலுகாவிலும் இருக்கிறது, கண்ணன்கோட்டை தேர்வாய் கண்டிகை, 2020ல் திறந்தது. அதன் தண்ணீர் சென்னைக்குப் போகிறது, எங்கள் தெருவில் லாரிதான் வருகிறது.

ஆரம்பாக்கம் அக்கா:
இதை முதல் பதிவில் எழுதவில்லையே! லாரித் தண்ணீர் வாங்குகிற தெருவுக்குத்தான் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டீர்களா?

பூண்டிக்காரன்:
வாரத்துக்கு ஒரு தடவைதான். கோடையில் ரெண்டு. எந்த ஊரில் வரவில்லை?

முதல் வீடு:
மறுபடியும் நான்தான். மனைவி திருவொற்றியூரில் என்று சொன்னேன். அப்படியென்றால் சென்ட்ரல் கணக்கு எனக்கு வேண்டியதே இல்லையோ? விம்கோ நகரில் இறங்கி மெட்ரோ மாறினால் பாரிமுனைக்கு நானும் போய்விடலாம் அல்லவா?

மீஞ்சூர் வாடகைக்காரன்:
கேள்வியாகக் கேட்டது இவர் ஒருவர்தான். மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்ததும் அதே 2021 பிப்ரவரி 14தான். இறங்கி, நடந்து, மறுபடி டிக்கெட் எடுத்து, மெட்ரோ காசு தனி. முதலில் மனையா வீடா என்று முடிவு செய்யுங்கள். மனை என்றால் அங்கீகாரம் இல்லாததைத் தொடாதீர்கள். 2016ல் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைப் பத்திரப்பதிவுக்குத் தடை போட்டபோது எங்கள் தெருவில் மூன்று பேர் முன்பணம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் இன்னும் அந்தத் தரகரைத் தேடுகிறார். முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா, மனை அங்கீகாரத்துக்கான டிடிசிபி அல்லது சிஎம்டிஏ எண், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரேராவின் பதிவு எண், நாலையும் நீங்களே போய்ப் பாருங்கள். விற்கிறவர் வாட்ஸாப்பில் அனுப்புகிற நகலை நம்பாதீர்கள்.

பூண்டிக்காரன்:
வீடே வாங்காதே என்று சொன்னவர் இப்போது வில்லங்கம் பார்க்கச் சொல்லித்தருகிறார். நல்லது. என் வீட்டுக்கு எல்லாக் காகிதமும் உண்டு. ஆனால் தம்பி, விம்கோ நகர் என்றால் அது இன்னும் சீக்கிரம், நான் சொன்ன ஒரு மணி நேரம்கூட ஆகாது. என் பேச்சு இப்போது நிரூபணம் ஆனதா இல்லையா?

ஆரம்பாக்கம் அக்கா:
வழியில் இறங்குகிறவரை வைத்து சென்ட்ரல் நேரத்தை நிரூபிக்கிறீர்கள். சபாஷ்.

சூலூர்பேட்டை வாத்தியார்:
37,500 ரூபாய்க்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

பூண்டிக்காரன்:
வாத்தியாரே, உங்கள் 37,500 நீங்கள் சென்னைக்குக் கூடுதலாகப் போய் வருகிற தூரத்தில் ரயில் சீசனுக்கும் டீக்கும் போய்விடும். அப்புறம் அக்காவுக்கு ஒன்று. நாளைக்குக் காலை நானே வண்டி ஏறிக் கைக்கடிகாரத்தில் நேரம் எடுத்து இங்கேயே போடுகிறேன். அதன் பிறகு இந்தப் பேச்சு வேண்டாம்.

ஆரம்பாக்கம் அக்கா:
எங்கிருந்து எண்ணுவீர்கள், வீட்டு வாசலிலிருந்தா, வண்டி நகர்ந்த பிறகா? எங்கே நிறுத்துவீர்கள்?

பூண்டிக்காரன்:
வண்டி நகர்ந்ததிலிருந்து. சென்ட்ரல் வரும் வரை.

மீஞ்சூர் வாடகைக்காரன்:
மூர்மார்க்கெட்.

முதல் வீடு:
நான் ஞாயிற்றுக்கிழமை பொன்னேரியில் ஒரு வீடு பார்க்கப் போகிறேன். யாராவது அந்தப் பக்கம் இருக்கிறீர்களா? மழையில் ஆரணியாறு எந்தத் தெரு வரை வரும் என்று தெரிந்தால் போதும்.

திருவள்ளூர் பையன்:
பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னேன், அதற்கும் பதில் இல்லை.

பூண்டிக்காரன்:
காலை வணக்கம். 6.31 வண்டி நகர்ந்தது. 7.36 பேசின் பிரிட்ஜுக்கு வெளியே. ஒரு மணி ஐந்து நிமிடம், பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி நிற்கிறது, சிக்னல்.

பூண்டிக்காரன்:
7.49. இன்னும் நிற்கிறது. இது கணக்கில் வராது.

ஆரம்பாக்கம் அக்கா:
நானும் அதே வண்டிதான், முன்னால் லேடீஸ் பெட்டி. கணக்கில் வரும்.