துப்பாக்கிச் சட்டத்தால் கொலை குறையுமா?

செங்கோடன்: போர்ட் ஆர்தரில் 1996-ல் துப்பாக்கிச் சூட்டில் 35 பேர் செத்த பிறகு ஆஸ்திரேலியா ஆறரை லட்சம் துப்பாக்கிகளைக் காசு கொடுத்து வாங்கி அழித்தது. எத்தனை நாளைக்கு இதையே காட்டுவீர்கள்? துப்பாக்கிக் கொலை அங்கே அதற்கு முன்பே இறங்குமுகம்தான்.

வானம்பாடி: இறங்குமுகம் உண்மை. ஆனால் வாங்கி அழித்தது பாதிக் கதை. உரிமம் கேட்பவர் தகுந்த காரணம் காட்ட வேண்டும், ‘தற்காப்பு’ என்று எழுதினால் செல்லாது. 28 நாள் காத்திருப்பு வேறு. அதைப் பற்றிப் பேச ஆளே இல்லை.

செங்கோடன்: பிரிட்டன்? டன்பிளேன் பள்ளிப் படுகொலைக்குப் பின் 1997-ல் கைத்துப்பாக்கிக்குத் தடை. அடுத்த ஐந்தாண்டில் கொலைகள் கூடின.

எண்கணக்கன்: கூடியது சரி, ஆனால் அந்த 2002-03 உச்சத்தை நம்பாதீர்கள். இங்கிலாந்து, வேல்ஸில் கொலை நடந்த ஆண்டில் அல்ல, போலீஸ் பதிந்த ஆண்டில் கணக்கேறும். டாக்டர் ஷிப்மன் பல வருடங்களாகக் கொன்ற நோயாளிகளில் 172 பேர் அந்த ஓராண்டில் மொத்தமாக ஏறினார்கள். ஒரு தோட்டாகூடச் சுடப்படவில்லை.

செங்கோடன்: சரி, துப்பாக்கி வாங்குபவரின் குற்றப் பின்னணியைச் சோதிக்கச் சொல்லும் அமெரிக்காவின் பிரேடி சட்டம்? 1994-ல் அமலுக்கு வந்தது. சட்டம் புதிதாக வந்த 32 மாநிலங்களை, ஏற்கெனவே அதுபோன்ற விதி இருந்த 18 மாநிலங்களோடு ஆய்வாளர்கள் லுட்விக்கும் குக்கும் ஒப்பிட்டார்கள். கொலை விகிதத்தில் சொல்லும்படி வித்தியாசமில்லை.

வானம்பாடி: எப்படி இருக்கும்? பின்னணிச் சோதனை உரிமம் பெற்ற கடைக்குத்தான். தனியாள் விற்றால் கூட்டாட்சிச் சட்டம் சோதனை கேட்பதில்லை. சுத்தமான பதிவுள்ள ஒருவரைப் பினாமியாக வைத்து வாங்கினாலும் சிக்காது. கடையிலேயே ஓட்டை: மூன்று வேலைநாளில் எஃப்.பி.ஐ. பதில் வராவிட்டால் விற்கலாம். 2015-ல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவனுக்குத் துப்பாக்கி கிடைத்தது இப்படித்தான். பிரேடியின் தோல்வி கட்டுப்பாட்டின் தோல்வியல்ல, வடிவமைப்பின் தோல்வி.

செங்கோடன்: அப்படியென்றால் ஓட்டையில்லாத சட்டம் வேலை செய்த இடத்தைக் காட்டுங்கள்.

வானம்பாடி: அமெரிக்காவின் மிசௌரி மாநிலம். கைத்துப்பாக்கியை யாரிடம் வாங்கினாலும் முதலில் ஷெரிஃபிடம் (உள்ளூர்க் காவல் தலைவரிடம்) அனுமதி பெற வேண்டும் என்ற விதியை 2007-ல் நீக்கினார்கள். துப்பாக்கிக் கொலை விகிதம் ஏறியது.

செங்கோடன்: ஒரே மாநிலம். வேறு காரணம் இருந்திருக்கலாமே?

எண்கணக்கன்: அதற்குத்தான் கொலை எண்ணிக்கையோடு நிற்காமல் போலீஸ் கைப்பற்றிய துப்பாக்கிகளையும் ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். விற்ற சில மாதங்களிலேயே குற்றத்தில் சிக்கியவற்றின் பங்கு 2007-க்குப் பிறகு கூடியது. வேலையின்மையோ போதைப்பொருளோ கொலையைக் கூட்டலாம், ஆனால் கடையிலிருந்து குற்றவாளி கைக்குப் போகும் நாட்களை ஏன் குறைக்க வேண்டும்? செங்கோடன் இதற்குப் பதில் சொல்லட்டும்.