பாராசிட்டமால்–காஃபீன் கலவையில் காஃபீன் மட்டும் கூடுதலாக வருகிறது, யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. பாராசிட்டமால் 500 மி.கி., காஃபீன் 65 மி.கி. உள்ள மாத்திரையை 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, யுவி ஸ்பெக்ட்ரோமீட்டரில் (கரைசல் புற ஊதா ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று அளக்கும் கருவி) 243, 273 நானோமீட்டர் அலைநீளங்களில் அளந்து, இரு சமன்பாடுகளால் கணக்கிடுகிறேன். பாராசிட்டமால் சரியாக இருக்கிறது. காஃபீன், இருக்க வேண்டிய அளவில் 110 சதவீதத்தைத் தொடுகிறது.

மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் பாராசிட்டமால் இருக்கும்படி நீர்த்தால் காஃபீன் வெறும் 1.3 தான். 273-இல் அதன் உட்கவர்வு (ஒளியை விழுங்கும் அளவு) 0.06 சுமாருக்குத்தான் வரும். அதே இடத்தில் பாராசிட்டமாலின் நிறமாலைக் கோட்டின் சரிவும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. சரிவில் அலைநீளம் அரை நானோமீட்டர் பிசகினாலும் பிழை மொத்தமும் காஃபீன் தலையில்தான் விழும்.

ஹோல்மியம் ஃபில்டரால் (உச்சிகளின் அலைநீளம் தெரிந்த கண்ணாடி) அலைநீளம் சரிபார்த்தாயிற்று. ஸ்லிட் (ஒளி வரும் பிளவு) அகலம் 1 நானோமீட்டர். ஸ்டாண்டர்டுக்கும் சாம்பிளுக்கும் ஒரே குவார்ட்ஸ் குவெட் (கரைசல் ஊற்றும் சிறு கலம்). வடிகட்டியதில் முதல் 5 மில்லியைக் கொட்டிவிடுகிறேன். 350-இல் உட்கவர்வு பூஜ்யம், ஆகவே கலங்கல் இல்லை. ஸ்டாண்டர்டு அடிஷன் (சாம்பிளிலேயே தெரிந்த அளவு காஃபீனைச் சேர்த்து அளப்பது) உதவாது என்றே நினைக்கிறேன்; அது சாய்வைத் திருத்தும், நிலையான கூடுதலைத் திருத்தாது.

இரண்டையும் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி கருவி வசதி இல்லை. நிறமாலையின் முதல் டெரிவேடிவ் (அலைநீளத்தோடு உட்கவர்வு மாறும் வீதம்) எடுத்து, பாராசிட்டமால் பூஜ்யமாகும் புள்ளியில் காஃபீனை அளந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? டெல்டா லாம்டா (டெரிவேடிவ் கணக்கிடும் அலைநீள இடைவெளி) எவ்வளவு வைத்தீர்கள்? அல்லது 230 முதல் 300 வரை முழு நிறமாலைக்கும் லீஸ்ட் ஸ்கொயர்ஸ் (பிழைகளின் வர்க்கக் கூட்டல் குறையும்படி பொருத்துவது) போடுவது மேலா?