ஒரு வரி மாற்றினால் 1,800 வரி சிவப்பாகிறது. நான்கு மொழி நிரல்களை எப்படி ஒரே ஒழுங்கில் வைப்பது?

மழைக்குடை:
அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி. தெமட்டகொடையில் ஒரு சின்னக் கொம்பனியில் வேலை. ரீமில் ஆறு பேர், கடைசியாகச் சேர்ந்தவள் நான். சேர்வர் பக்கம் கோ மொழி, அறிக்கைகள் பைதனில், திரைப்பக்கம் டைப்ஸ்கிரிப்ட். இதோடு யாரோ விட்டுப்போன பழைய ஜாவாவும் கொஞ்சம்.

நேற்று ஒருவர் ஜாவா ஃபைலில் ஒரேயொரு வரியை மாற்றி அனுப்பினார். ரிவியூவில் திறந்தால் 1,800 வரியும் சிவப்பும் பச்சையுமாக நிற்கிறது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக் கண் வலிக்கப் பார்த்தேன், அந்த ஒரு வரியைத் தவிர ஒரு புள்ளி கூட வித்தியாசமில்லை.

இதைக் கண்ட லீட் ஒரு சட்டம் போட்டுவிட்டார். எந்த மொழியானாலும் உள்தள்ளல் (இண்டென்ட்) 4 ஸ்பேஸ், வரிக்கு 80 எழுத்து. கோ ஃபைலைச் சேமிக்கும்போதெல்லாம் எடிட்டர் அதைத் திரும்ப டேப் ஆக்கிவிடுகிறது. நான் மாற்ற, அது மாற்ற, அரை நாள் போய்விட்டது. என்ன செய்யலாம்?

அரைப்புள்ளி:
தங்கச்சி, இது இரண்டு வேறு வருத்தம். உங்கள் லீட் இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுக்கப் பார்க்கிறார்.

கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் பெரும்பாலும் வரி முடிவில்தான் இருக்கும். விண்டோஸ் அங்கே சிஆர், எல்எஃப் என்று இரண்டு குறி வைக்கும். லினக்ஸும் மேக்கும் எல்எஃப் மட்டும். மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் எல்எஸ்-ஃபைல்ஸ் கட்டளையை ஈஓஎல் தெரிவோடு ஓட்டுங்கள். ஒவ்வொரு ஃபைலும் கிட்டுக்குள் எப்படி இருக்கிறது, உங்கள் மெஷினில் எப்படி இருக்கிறது என்று பக்கம் பக்கமாகக் காட்டும்.

டேப் விஷயத்தில் கோவோடு மல்லுக்கட்ட வேண்டாம். கோவை ஒழுங்குபடுத்தும் ஃபோர்மட்டரான கோஃபம்ட்டில் டேப்பா ஸ்பேஸா என்று தெரிவு செய்யவே வழியில்லை, வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். பைதனின் எழுத்து நடை வழிகாட்டியான பெப் 8 சொல்வது 4 ஸ்பேஸ், 79 எழுத்து. பைதனுக்கான பிளாக் ஃபோர்மட்டரோ 88 வரை விடும். டைப்ஸ்கிரிப்ட்டுக்கான பிரிட்டியரின் அமைப்பைத் தொடாமல் விட்டால் 2 ஸ்பேஸ், 80 எழுத்து. ஒவ்வொரு மொழிக்கும் அதன் ஊர் வழக்கம். அதை அப்படியே விடுங்கள்.

மழைக்குடை:
ஓட்டிப் பார்த்தேன் அண்ணா. ஜாவா ஃபோல்டர் முழுக்க சிஆர்எல்எஃப். சில ஃபைல்களுக்கு மிக்ஸ்ட், இரண்டும் கலந்தது, என்று வருகிறது! மாற்றியவர் மேக்காரர், அவருடைய எடிட்டர் சேமிக்கும்போது எல்லாவற்றையும் எல்எஃப் ஆக்கியிருக்கிறது. இப்போதே திருத்திவிடவா?

காலிவீதி:
பொறுங்கள், இப்போது கை வைத்தால், மெயினில் இன்னும் சேராமல் திறந்து கிடக்கிற ஒவ்வொருவரின் வேலைக் கிளையிலும் மோதல் வரும். நாங்கள் ஒரு போயா (பௌர்ணமி) லீவுக்கு முதல் நாள் எல்லோருடைய வேலையையும் மெயினில் மெர்ஜ் பண்ணி முடித்துவிட்டு, லீவு நாளில் செய்தோம்.

முதலில், ஃபைல்களை எப்படிக் கையாள்வது என்று கிட்டுக்குச் சொல்லும் கிட்அட்ரிபியூட்ஸ் ஃபைலில் டெக்ஸ்ட் ஆட்டோ, ஈஓஎல் எல்எஃப் என்று போடுங்கள். பேட் ஃபைல்களுக்கு மட்டும் சிஆர்எல்எஃப், அது விண்டோஸுக்கே உரியது. பிறகு ரீநார்மலைஸ் தெரிவோடு ஆட் கட்டளையை ஓட்டி, வரி முடிவு மாற்றத்துக்குத் தனி கொமிட் (பதிவு). ஃபோர்மட்டர்களை ஓட்டுவது இன்னொரு கொமிட். இவற்றுக்குள் வேறு எந்த மாற்றத்தையும் நுழைக்காதீர்கள், பக் திருத்தம் கூட வேண்டாம். பின்னாளில் தேடும்போது அழுவீர்கள்.

எல்லோருடைய எடிட்டருக்கும் ஒரே அமைப்பைக் கொடுக்கும் எடிட்டர்கொன்ஃபிக் ஃபைலும் ஒன்று வையுங்கள். யூடிஎஃப்-8, எல்எஃப், கடைசியில் ஒரு புதுவரி, இவை எல்லா மொழிக்கும் பொது. இண்டென்ட் மட்டும் மொழிவாரியாக.

அரைப்புள்ளி:
அப்புறம், ஃபோர்மட்டர்களின் வெர்ஷனைப் பூட்டி வையுங்கள். ஒருவரிடம் பழையது, இன்னொருவரிடம் புதியது என்றால் திரும்பவும் அதே சண்டைதான். கொமிட்டுக்கு முன் தானாக ஓடிச் சோதிக்கும் ஹூக் நல்லதுதான், ஆனால் வெள்ளி பின்னேரம் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் யாராவது நோ-வெரிஃபை என்ற தெரிவைப் போட்டு அதைத் தாண்டிவிடுவார்கள். நானே தாண்டியிருக்கிறேன். அதனால், மாற்றம் வந்ததும் தானாகச் சோதிக்கும் சிஐயிலும் அதே சோதனை ஓட வேண்டும், ஒழுங்கில்லாவிட்டால் மெர்ஜ் ஆகக் கூடாது.

மழைக்குடை:
போயாவுக்குச் செய்து முடித்தோம். ஜாவாவுக்கு கூகிள் ஜாவா ஃபோர்மட்டரை ஏஓஎஸ்பி தெரிவோடு போட்டதில் 4 ஸ்பேஸ் கிடைத்தது. லீட் அதோடு அமைதியாகிவிட்டார்.

ஆனால் ஒன்று பிழையாகப் போய்விட்டது. எந்த வரியைக் கடைசியாக யார் மாற்றினார் என்று காட்டும் பிளேமைப் பார்த்தால் எல்லா வரிக்கும் என் பெயர்! பிளேம் கணக்கில் எடுக்கக் கூடாத கொமிட்களுக்கென்று இருக்கும் கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ் ஃபைலில் அந்த இரண்டு கொமிட் எண்களையும் எழுதி, அதே கிளையில் சேர்த்துத்தான் அனுப்பினேன். வேலை செய்யவில்லை.

காலிவீதி:
ஸ்குவாஷ் மெர்ஜ் பண்ணினீர்களா?

மழைக்குடை:
ஐயோ. ஆமாம்.

காலிவீதி:
ஸ்குவாஷ் பண்ணினால் இரண்டும் ஒன்றாகிப் புது எண்ணோடு வரும். நீங்கள் எழுதிய பழைய எண்கள் மெயினில் இல்லவே இல்லை. மெயினில் இருக்கும் எண்ணை எடுத்து இன்னொரு சின்ன கொமிட்டில் போடுங்கள். ஒவ்வொருவரும் தங்கள் மெஷினில் பிளேம் இக்னோர்ரெவ்ஸ்ஃபைல் என்ற அமைப்பில் அந்த ஃபைலின் பெயரைக் கொடுக்க வேண்டும், கிட் 2.23 முதல் அது இருக்கிறது.

மழைக்குடை:
சரி வந்தது, நன்றி. கடைசியாக ஒன்று. மாவட்டப் பட்டியல் டெஸ்ட் ஒன்று முதலிலிருந்தே விழுகிறது, இதையும் ஃபோர்மட்டர் திருத்திவிடும் என்று நம்பியிருந்தேன். தமிழ் மொழிபெயர்ப்பு ஃபைலில் "கொழும்பு", பைதன் பக்கத்திலும் "கொழும்பு". இரண்டும் சமமில்லை என்கிறது.

அரைப்புள்ளி:
இரண்டிலும் எத்தனை குறியீடு என்று பைதனின் லென் போட்டு எண்ணிப் பாருங்கள்.

மழைக்குடை:
ஒன்று 8, மற்றது 9!

அரைப்புள்ளி:
நினைத்தேன். "கொ"வில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியும் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் ஒன்றுபோலவே தெரியும். எந்த ஃபோர்மட்டரும் மேற்கோளுக்குள் இருக்கும் இதைத் தொடாது. பைதனில் யூனிகோட்டேட்டா நூலகத்தின் நார்மலைஸில் என்எஃப்சி, அதாவது பிரிந்த குறிகளைச் சேர்க்கும் வடிவம், கொடுத்தால் இரண்டும் ஒன்றாகும். சிங்கள, தமிழ் ஃபைல்கள் இரண்டையும் அதில் ஓட்டி, சிஐயிலும் சேர்த்துவிடுங்கள். ஔகாரக் குறியின் வாலுக்குப் பதிலாக ளகர எழுத்தைத் தட்டியிருந்தால் மட்டும் இது பிடிக்காது, அதைக் கையால்தான் தேட வேண்டும்.

மழைக்குடை:
8, 8. டெஸ்ட் பச்சை. "பௌத்த" என்று வரும் மூன்று இடத்தில் ளகரம் இருந்தது, அதையும் மாற்றிவிட்டேன்.