லுவான்டி சர்வரில் பிக்காசு ரிப்பேர்: கிரிட்டில் ரெண்டைச் சேர்க்கிறதை நிறுத்திப் பட்டறைக்கல்லுக்கு மாத்துறது எப்படிங்க?

சித்தூர்ப்புழை
கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பசங்க ஆடற லான் சர்வருங்க. லுவான்டி 5.10 (கட்டை கட்டையாத் தோண்டிக் கட்டற விளையாட்டுக்கான என்ஜின், முன்னே மைன்டெஸ்ட்னு பேரு), மேல மைன்டெஸ்ட் கேம்ங்கிற விளையாட்டு. தேஞ்ச எஃகுப் பிக்காசு ரெண்டைக் கிராஃப்ட் கிரிட்டில் (பொருளைச் சேர்த்துச் செய்யற கட்டம்) வெச்சா ஒண்ணாகி வந்துருது. ஓசி ரிப்பேர், இரும்புக்கு மதிப்பே இல்லைன்னு பசங்க சொல்றாங்க. எனக்கு மூணு வேணும்: கிரிட் ரிப்பேர் நிக்கணும், பட்டறைக்கல்லில் இங்காட் (உருக்கின எஃகுக் கட்டி) குடுத்துச் சரி பண்ணணும், கடைசி அடியில் டூல் மாயமாப் போகக்கூடாது. எங்கே கை வைக்கிறதுங்க?

வாளையாறு
முதல்ல, அது ஓசி இல்லீங்க. தேய்மானம் 0-லிருந்து (புதுசு) 65535 வரைக்கும் (உடையற நிலை) ஒரு எண். கிரிட் ரெண்டு டூலோட மிச்ச ஆயுசையும் கூட்டி, மேல 2 சதவீதம் போடுது. மைன்டெஸ்ட் கேமில் ‘டூல்ரிப்பேர்’ ரெசிபியோட ‘அடிஷனல்_வேர்’ மைனஸ் 0.02-ன்னு இருக்கறது அதுக்குத்தான். எஃகுப் பிக்காசு சாதாக் கல்லுக்கு 180 அடி தாங்கும் (யூஸஸ் 20, லெவல் வித்தியாசம் 2, லெவலுக்கு மூணு மடங்கு, அதனால 20 × 9). அதில் 2 சதவீதம்னா நாலு கல்லுகூட வராது.

உண்மையில் நஷ்டம் வேற இடத்துல. 60 சதவீதம் மிச்சமுள்ளதையும் 70 மிச்சமுள்ளதையும் சேர்த்தா 132. நூறுக்கு மேல நிக்காது, 32 காத்தோட போச்சு. சுரங்கத்துக்குள்ள ரெண்டு பிக்காசு சுமக்கறதும் இதனாலதான். பட்டறைக்கல் வெக்கிறது சரிதான், ஆனா காரணம் இது.

துருத்தி
கிரிட்டை நிறுத்த, உங்க மோட்ல (சர்வர்ல சேர்க்கிற கூடுதல் நிரல்) அந்த டூலோட குரூப்பில் ‘டிசேபிள்_ரிப்பேர்’ 1 குடுங்க. ‘ஓவர்ரைடு_ஐட்டம்’ல (ஏற்கெனவே இருக்கிற ஐட்டத்தை மாத்தற ஃபங்ஷன்) குரூப்ஸ் குடுத்தா பழைய பட்டியலோட சேராது, மொத்தமா மாறிரும். அதனால பழைய குரூப்ஸை ‘டேபிள்.காப்பி’ எடுத்து, அதில் இதைச் சேர்த்துத் திருப்பிக் குடுங்க.

பட்டறைக்கல்லுக்கு ‘ஆன்_ரைட்கிளிக்’ (வலது கிளிக் பண்ணினா ஓடற ஃபங்ஷன்). கையிலிருக்கிற ஐட்டம்ஸ்டாக் (பொருளும் அதோட தேய்மானமும் சேர்ந்தது) அந்த ஃபங்ஷனுக்கே வரும். இன்வென்டரியிலிருந்து ஒரு இங்காட்டை எடுத்துட்டு, தேய்மானத்துல 26214 (அதாவது 40 சதவீதம்) கழிச்சு, அதே ஸ்டாக்கை ரிட்டர்ன் பண்ணுங்க. ‘செட்_வீல்டட்_ஐட்டம்’ போட்டுட்டுப் பழைய ஸ்டாக்கை ரிட்டர்ன் பண்ணினா இங்காட் போகும், பிக்காசு அப்படியே இருக்கும். தேய்மானம் 26214-க்குக் கீழ இருந்தா வேலையே செய்ய வேண்டாம்னு ஒரு வரி போடுங்க, இல்லைன்னா திரும்ப அதே வீண்தான்.

எல்லா டூலுக்கும் 40 ஒத்து வராது. பிக்காசு, கோடாலிக்கு 3 இங்காட், வாளுக்கு 2, சவலுக்கு (மண்வாரி) ஒண்ணே ஒண்ணு. ஒரு இங்காட்டுல புதுச் சவலே வரும்போது 40 சதவீத ரிப்பேருக்கு எவன் வருவான்? வாளுக்கு 60 வெச்சுக்கலாம். சவலைப் பட்டறைக்கல் பட்டியல்லயே சேர்க்காதீங்க.

வாளையாறு
கடைசி அடிக்கு ‘ஆஃப்டர்_யூஸ்’ (தோண்டினதும் என்ஜின் கூப்பிடற ஃபங்ஷன்). இருக்கிற தேய்மானமும் ‘டிக்பேராம்ஸ்.வேர்’-உம் (அந்த ஒரு அடிக்கான தேய்மானம்) கூட்டி 65535-ஐத் தாண்டினா, பேரை ‘உடைஞ்ச பிக்காசு’ன்னு மாத்தி ரிட்டர்ன் பண்ணுங்க. தாண்டலைன்னா ‘ஆட்_வேர்’ நீங்களே எழுதணும். ஆஃப்டர்_யூஸ் இருந்தா என்ஜின் தானா தேய்க்காது. அந்த வரியை விட்டா சாகாவரம் வாங்கின பிக்காசு. உடையற சத்தமும் வராது, அதையும் நீங்கதான் ஒலிக்க விடணும். இது தோண்டும்போது மட்டும்தான், வாள் சண்டைக்கு உதவாது.

சித்தூர்ப்புழை
நன்றிங்க. ஓவர்ரைடு போட்டதும் ‘இல்லாத ஐட்டம்’னு சொல்லி சர்வர் ஏறவே மாட்டேங்குது.

துருத்தி
‘மோட்.கான்ஃப்’ல டிபென்ட்ஸ் = டிஃபால்ட்னு (பிக்காசு இருக்கிற அடிப்படை மோட்) சேருங்க. உங்க மோட் முன்னாடி லோடாகுது, அப்ப பிக்காசே பொறக்கலை.

மீனாட்சிபுரம்
ஒரு யோசனை. கொல்லுப்பட்டறையில மம்பட்டியைக் காய்ச்சி அடிச்சா வாய் கூர்மையாகும், ஆனா ஒவ்வொரு தடவையும் தகடு கொஞ்சம் குறையும். விளையாட்டுலயும் அப்படி வெக்கலாமே. ஸ்டாக் மெட்டாவில் (ஸ்டாக்கோட ஒட்டியிருக்கிற கூடுதல் தகவல்) ‘எத்தனை தடவை’ன்னு ஒரு எண் வெச்சு, தேய்மானம் தடவைக்கு 6554-க்குக் கீழ இறங்காம நிறுத்துங்க. மூணாவது ரிப்பேருக்கப்புறம் 70 சதவீதத்துக்கு மேல ஏறாது. ஒரே பிக்காசை வருஷக்கணக்கா ஓட்டுற ஆளு அப்பத்தான் திரும்ப இரும்பு தேடிப் போவான்.

வாளையாறு
நல்லாருக்கு, ஆனா உடைஞ்ச பிக்காசுக்குப் புது ஸ்டாக் உண்டாக்கினா அந்த எண் பூஜ்யமாயிரும், வேணும்னே உடைச்சு ஏமாத்துவாங்க. பழைய ஸ்டாக்லயே ‘செட்_நேம்’ போடுங்க, மெட்டா அப்படியே நிக்கும். பிறகு தேய்மானத்தை 0 ஆக்கிருங்க, ‘ஸ்டாக்_மேக்ஸ்’ 1 (ஒரு கட்டத்துல ஒண்ணுதான் அடுக்கலாம்). பட்டறைக்கல்லில் திரும்ப எஃகுப் பிக்காசாக்கும்போது தேய்மானம் 39321.