ஆசியாவில் ரன்னர்-அப் என்கிறார்கள், "முதல் முறை தகுதி" என்றும் சொல்கிறார்கள். எது சரி?

நீலச்சட்டை:
தாய்லாந்தின் சியாங் மாயில் சனிக்கிழமை (2025 ஜூலை 5) நம் பெண்கள் கால்பந்து அணி தாய்லாந்தை 2-1 என்று ஜெயித்ததில் இருந்து, எதைத் திறந்தாலும் இதே செய்திதான்: தகுதிச் சுற்று ஆடி இந்தியா ஆசியக் கோப்பைக்குப் போவது இதுதான் முதல் முறையாம். இதை வீட்டில் சொன்னால் மாமா சண்டைக்கு வருகிறார். "அட போடா, அந்தக் காலத்திலேயே ரெண்டு தடவை ஆசிய ஃபைனல் ஆடின டீம் இது" என்கிறார். தேடிப் பார்த்தால் அவர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கிறது. 1980-இல் கோழிக்கோட்டில் ரன்னர்-அப், 1983-இல் பாங்காக்கில் ரன்னர்-அப், நடுவில் 1981-இல் மூன்றாம் இடம் வேறு. ஃபைனல் வரைக்கும் போன அணி எப்படி இப்போதுதான் முதல் முறையாகத் தகுதி பெறும்? தெற்காசிய நாடுகள் ஆடும் சாஃப் கோப்பையை வேறு தொடர்ந்து ஐந்து முறை வாங்கியிருக்கிறோம். நாம் நல்ல டீமா, சுமார் டீமா என்று யாராவது நேராகச் சொல்லுங்கள்.

பழைய ஸ்கோர்போர்டு:
ரெண்டும் சரிதான் நண்பா. அப்போதெல்லாம் தகுதிச் சுற்று என்று ஒன்றே கிடையாது, பெயர் கொடுத்த அணிகள் போய் ஆடின, அவ்வளவுதான். கோழிக்கோட்டுப் போட்டியில் ஆடியவை மொத்தம் ஆறு அணிகள். அதில் இரண்டு இந்தியாவுடையவை, நாமே இரண்டாகப் பிரிந்து இறங்கினோம்! இன்னொன்று மேற்கு ஆஸ்திரேலியா, அது நாடு கூட இல்லை, ஒரு மாநிலம். சீனாவும் இல்லை, ஜப்பானும் இல்லை. ஃபைனலில் சீன தைபேயிடம் (தைவான்) 2-0 என்று தோற்றோம், பாங்காக்கில் தாய்லாந்திடம் 3-0.

சீனா உள்ளே வந்தது 1986-இல். அப்புறம் கதையே வேறு. 1998 ஆசிய விளையாட்டில் அதே சீனாவிடம் 16-0 வாங்கினோம். 2003 வரை ஆசியக் கோப்பையில் தலையைக் காட்டிக்கொண்டிருந்தோம், தகுதிச் சுற்று வந்த பிறகு கதவு சாத்திக்கொண்டது. 2022-இல் ஆடியது போட்டியை நடத்திய நாடு என்பதால் கிடைத்த இடம். அதனால் உங்கள் மாமாவின் இரண்டு ஃபைனலை விட இந்த 2-1 பெரியது என்பேன்.

ஆஃப்சைடு அக்கா:
ஸ்கோர்போர்டு அண்ணா, கணக்கு சரி, ஆனால் அந்தப் பெண்களை இப்படி ஓரமாகத் தள்ளாதீர்கள். யார் வரவில்லை என்பது அவர்கள் தப்பா? அந்த அணியின் சாந்தி மல்லிக்குக்கு 1983-இல் அர்ஜுனா விருதே கொடுத்தார்கள், கால்பந்தில் அதை வாங்கிய முதல் பெண் அவர்தான். நான் கோபப்படுவது அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்து. ஒரு அணியை நீங்கள் ஆடவே விடாமல் வைத்திருந்தால் அது எப்படி வளரும்? ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஒரு மேட்ச் கூட ஆடவில்லை என்று 2009-இல் ஃபிஃபா தரவரிசைப் பட்டியலில் இருந்தே இந்தியாவை எடுத்துவிட்டார்கள்.

சாஃப் கோப்பையை அளவுகோலாக வைக்காதீர்கள். 2010-இல் பூட்டானை 18-0 என்று அடித்தோம், அதை வைத்து என்ன தெரிந்துகொள்வது? 2014 ஆசிய விளையாட்டைப் பாருங்கள், மாலத்தீவை 15-0, அடுத்து தென் கொரியாவிடம் 0-10, தாய்லாந்திடமும் 0-10. அந்தத் தாய்லாந்தைத்தான் இப்போது அவர்கள் ஊரிலேயே போய் ஜெயித்திருக்கிறோம், அதுவும் ரெண்டு அணியும் ஒன்பது புள்ளி, கோல் வித்தியாசமும் ஒன்றே என்ற நிலையில் ஆடிய கடைசி மேட்சில். ரெண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர். இரண்டாம் பாதி தொடங்கிய கையோடு அவர்கள் சமன் செய்தபோது நான் டிவியை அணைக்கப் போய்விட்டேன், பழைய பழக்கம்.

சாஃபிலும் இப்போது நம் ராஜ்ஜியம் இல்லை. 2022, 2024 இரண்டு முறையும் பங்களாதேஷ்தான் சாம்பியன், இரண்டு முறையும் நாம் அரையிறுதியில் நேபாளத்திடம் தோற்றோம்.

கெடிலக்கரை:
2022 ஆசியக் கோப்பையைப் பற்றி ஒரு வரியில் கடந்துவிட்டீர்களே. சொந்த மண்ணில் ஈரானுடன் 0-0, அடுத்த மேட்சுக்கு முன்னால் முகாமில் கொரோனா. களமிறக்க 13 பேர்கூடத் தேறவில்லை, போட்டியில் இருந்தே வெளியே. ஆடிய அந்த ஒரு மேட்சும் கணக்கில் சேரவில்லை. அந்த அணியில் இருந்தவர்களை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

எங்கள் கடலூர்க்காரன் பெருமையையும் கொஞ்சம் கேளுங்கள். 2019 சாஃபில் கோல் அடித்த இந்துமதி கதிரேசன் எங்கள் ஊர், தமிழ்நாடு போலீசில் எஸ்.ஐ. சந்தியா ரங்கநாதன் பண்ருட்டிப் பக்கம். 2018-இல் கட்டாக்கில் தேசிய ஃபைனலில் மணிப்பூரையே 2-1 என்று தமிழ்நாடு வீழ்த்தியது. மணிப்பூரை வீழ்த்துவது என்றால் என்ன என்று பெண்கள் கால்பந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். இந்தத் தகுதிச் சுற்றில் மங்கோலியாவை 13-0 என்று அடித்தபோது பியாரி ஷாஷா ஐந்து கோல் போட்டதைத்தான் எல்லோரும் எழுதினார்கள், நம் ப்ரியதர்ஷினி செல்லதுரையும் அதில் கோல் அடித்தார், அதையும் எழுதியிருக்கலாம்.

நீலச்சட்டை:
இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, நன்றி. கடைசியாக ஒன்று, 2026 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் நடக்கும் ஆசியக் கோப்பையில் என்ன எதிர்பார்க்கலாம்? உலகக் கோப்பை என்று சிலர் பேசுகிறார்களே, ஓவராகத் தெரியவில்லையா?

பழைய ஸ்கோர்போர்டு:
ஓவர்தான், ஆனால் கணக்கில் வழி இருக்கிறது. 12 அணிகள், மூன்று குரூப். ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு, கூடவே மூன்றாம் இடத்தில் வந்தவர்களில் இரண்டு பேர் காலிறுதிக்குப் போவார்கள். அரையிறுதி போகும் நால்வருக்கு 2027 பிரேசில் உலகக் கோப்பை இடம் நேராகக் கிடைக்கும், காலிறுதியில் தோற்ற நால்வர் மிச்சம் இரண்டு இடத்துக்கு மோதுவார்கள். ஆக ஒரு மேட்ச் ஜெயித்து மூன்றாம் இடம் பிடித்தால்கூட வாய்ப்பு உயிரோடு இருக்கும். என்னைக் கேட்டால் இப்போதே நாலைந்து பெரிய அணிகளுடன் நட்பு ஆட்டம் வைக்க வேண்டும், பத்து வாங்கினாலும் பரவாயில்லை. 2021-இல் மனாஸில் பிரேசிலிடம் 6-1 தோற்றோம், ஆனால் மனிஷா கல்யாண் பிரேசிலுக்கு எதிராகவே கோல் அடித்தார், அடுத்த வருஷமே ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீகில் ஆடினார்.

நீலச்சட்டை:
மாமாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். மேற்கு ஆஸ்திரேலியா வந்த இடத்தில் முகம் கொஞ்சம் சுருங்கியது. "ஃபைனல்னா ஃபைனல்தான்" என்று சொல்லிவிட்டு ரிமோட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.