இரங்கல் செய்திக்குத் தம்ஸ் அப்: வாட்ஸ்அப் குரூப்பில் ரியாக்‌ஷனுக்கு விதிமுறை எழுத முடியுமா?

மாடிவீட்டுக்காரர் கேட்டது:

வணக்கம். 84 வீடுகள் கொண்ட குடியிருப்பு. நலச்சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம். யார் என்ன எழுதினார் என்பதில் வரும் சண்டையைவிட, எழுதியதற்குக் கீழே யார் எந்தப் பொம்மையை ஒட்டினார் என்பதில் வரும் மனஸ்தாபம்தான் அதிகம். திரும்பத் திரும்ப வருபவை மூன்று.

ஒன்று, "இன்னார் காலமானார், மாலை 4 மணிக்கு எடுக்கிறார்கள்" என்ற செய்திக்குப் பத்துப் பேர் தம்ஸ் அப். இரண்டு, லிஃப்ட் ஓடவில்லை, தண்ணீர் லாரி வரவில்லை என்று ஒருவர் கொதித்து எழுதினால் அதற்குக் கண்ணீர் வழியச் சிரிக்கும் முகம். மூன்று, பராமரிப்புத் தொகையை உயர்த்தலாமா என்று கேட்டால் தம்ஸ் அப் குவிகிறது. அதை நம்பி வசூலுக்குப் போனால், "படிச்சேன்னு போட்டேன், சம்மதம்னு யார் சொன்னா?"

ரியாக்‌ஷனையே நிறுத்திவைக்க வழி உண்டா? இல்லையென்றால் யாரையும் புண்படுத்தாமல் விதிமுறை எழுதுவது எப்படி?

---

பழைய அட்மின்:

நிறுத்த முடியாது. வாட்ஸ்அப்பில் அட்மின் கையில் அந்த அதிகாரம் இல்லை. டெலிகிராம் குரூப் என்றால் செட்டிங்கில் ரியாக்‌ஷனை முழுதாக மூடலாம், அல்லது குறிப்பிட்ட நான்கைந்தை மட்டும் அனுமதிக்கலாம். வாட்ஸ்அப்பில் அது கிடையாது என்பதால், உறுப்பினர்களைத் திருத்துவதைவிட நீங்கள் அனுப்பும் மெசேஜைத் திருத்துவது சுலபம்.

காரணத்தைச் சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜுக்கு ஒருவர் ஒரே ஒரு ரியாக்‌ஷன்தான் வைக்க முடியும். அது முழு மெசேஜுக்கும் சேர்ந்து ஒட்டும், எந்த வரிக்கு என்று பிரித்துக் காட்ட வழியில்லை. உங்கள் இறப்புச் செய்தியையே பாருங்கள். அதில் துக்கமும் இருக்கிறது, நேரமும் இருக்கிறது. தம்ஸ் அப் போட்டவர் "4 மணிக்கு வந்துவிடுகிறேன்" என்ற நினைப்பில் போட்டிருப்பார். இறந்தவரின் மகன் பார்க்கும்போது அது "காலமானார்" என்ற சொல்லுக்குக் கீழே இருக்கிறது. இருவர் மேலும் தப்பில்லை.

அதனால் பிரித்து அனுப்புங்கள். முதல் மெசேஜில் இறப்புச் செய்தி மட்டும்: பெயர், வீட்டு எண், எப்போது காலமானார். இரண்டாவதில் ஏற்பாடுகள் மட்டும்: உடல் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், எந்த மயானம் அல்லது கல்லறை, வீட்டில் யாரிடம் பேசலாம். இரண்டாவதற்கு எத்தனை தம்ஸ் அப் விழுந்தாலும் யாருக்கும் உறுத்தாது. முதலாவதின் கடைசி வரியில் "இரங்கலை இரண்டு சொல்லிலாவது எழுதுங்கள்" என்று போட்டுவிட்டால், முதலில் எழுதும் இருவரைப் பார்த்து மற்றவர்களும் எழுதுவார்கள். குரூப்பில் கூட்டம் முதல் ஆள் போகும் வழியில்தான் போகும், ரியாக்‌ஷனிலும் அப்படியே. முதல் ஆள் தம்ஸ் அப் வைத்துவிட்டால் அடுத்து வருபவர் அதே பொம்மையைத் தட்டி எண்ணிக்கையைக் கூட்டிவிட்டுப் போவார். எனவே செய்தி போட்ட கையோடு சங்க நிர்வாகி ஒருவரே "ஆழ்ந்த இரங்கல்" என்று எழுதிவிடுவது நல்லது.

இன்னொரு விஷயம். எல்லா மதத்தவரும் இருக்கும் குடியிருப்பில் "ஓம் சாந்தி"யை எல்லா வீட்டுச் சாவுக்கும் ஒட்ட வேண்டாம். "ஆழ்ந்த இரங்கல்" எந்த வீட்டுக்கும் பொருந்தும்.

---

நித்யா:

கண்ணீர் சிரிப்பைப் பற்றி. சார், அதைப் போடுகிறவர்களில் பாதிப் பேர் அழுவதாக நினைத்துக்கொண்டுதான் போடுகிறார்கள். சின்னத் திரையில், கண்ணாடி போடாமல் பார்த்தால் கண்ணில் தெரிவது இரண்டு நீலத் துளி மட்டுமே. வாய் திறந்து சிரிப்பது தெரியாது. சிரிப்பு முகத்தில் கண்ணின் இரு ஓரத்திலும் துளி தெறித்து நிற்கும். சோக முகத்தில் ஒரே கண்ணிலிருந்து ஒரே சொட்டு. பெரிதாக அழும் முகத்தில் இரண்டு கண்ணிலிருந்தும் குழாய் திறந்துவிட்ட மாதிரி இறங்கும். பெரியவர்களுக்கு இந்த மூன்றையும் ஒருமுறை பெரிதாக்கிக் காட்டிவிட்டால் போதும், அதற்கப்புறம் குழம்ப மாட்டார்கள்.

கை தவறுவதும் நிறைய. மெசேஜை அழுத்திப் பிடித்தால் ரியாக்‌ஷன் பட்டை தானாக மேலே வரும். ஃபார்வர்ட் செய்ய, காப்பி எடுக்க, ரிப்ளை போட என்று எதற்கு அழுத்தினாலும் வரும். 2022 மே மாதம் இந்த வசதி வந்தபோது இருந்த ஆறு: தம்ஸ் அப், சிவப்பு ஹார்ட், கண்ணீர் சிரிப்பு, வாய் பிளந்த முகம், ஒரு சொட்டுச் சோகம், கைகூப்பு. சிரிப்பு மூன்றாவது, சோகம் ஐந்தாவது. நடுவில் ஒன்றுதான். கட்டைவிரல் கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்தால் இரங்கல் ஏளனமாகிவிடும்.

இனி வயது வித்தியாசம். இந்தத் தலைமுறைப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பதற்குக் குழாய் மாதிரி அழும் முகத்தையும் மண்டை ஓட்டையும் போடுகிறார்கள். உங்கள் குரூப்பில் யாராவது நகைச்சுவை அனுப்பி, அதற்குக் கல்லூரிப் பிள்ளை மண்டை ஓடு வைத்தால் அது பாராட்டு. சாபம் என்று எடுத்துக்கொண்டு அவன் அப்பாவிடம் போய் நிற்க வேண்டாம். அதே பிள்ளைகளுக்கு வெறும் தம்ஸ் அப் என்றால் "சரி சரி, பேச்சை முடி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது மாதிரி. ஐம்பது வயதுக்காரர் உண்மையாகவே பாராட்டித்தான் போட்டிருப்பார்.

ஹார்ட் விஷயத்தில் ஆண்கள் கொஞ்சம் யோசிப்பது நல்லது. பழக்கமில்லாத பெண் ஒருவர் கொலுப் படம் போட்டால், படத்துக்குத்தான் ஹார்ட் என்று போட்டவருக்குத் தெரியும், பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. அதுவும் நள்ளிரவில் பழைய படங்களுக்கெல்லாம் வரிசையாகப் போட்டால் அவருக்கு ஒவ்வொன்றாக நோட்டிஃபிகேஷன் போகும். 2022 ஜூலையிலிருந்து எந்த எமோஜியையும் வைக்கலாம். பட்டையின் கடைசியில் இருக்கும் கூட்டல் குறியைத் தட்டினால் கைதட்டல் கிடைக்கும். ஹார்ட் வேலையை அது சங்கடமில்லாமல் செய்யும்.

---

வாய்தா வக்கீல்:

மூன்றாவது சிக்கலுக்கு வருகிறேன், பணம் சம்பந்தப்பட்டது அதுதான்.

தம்ஸ் அப்புக்கு "பார்த்தேன்", "சரி", "சம்மதம்", "சபாஷ்" என்று நான்கு பொருள் உண்டு. நீதிமன்றங்களே இடத்துக்குத் தகுந்தபடிதான் எடுத்துக்கொள்கின்றன. ரயில்வே பாதுகாப்புப் படை அதிகாரி ஒருவர் கொல்லப்பட்ட செய்திக்கு, அலுவலக வாட்ஸ்அப் குரூப்பில் தம்ஸ் அப் போட்ட காவலர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அந்தக் குறி செய்தியைப் பார்த்துவிட்டேன் என்பதற்கான ஒப்புதல்தான், "ஓகே" என்ற சொல்லுக்கு மாற்றாகக் கொள்ளலாம், கொலையைக் கொண்டாடியதாக எடுத்துக்கொள்ள முடியாது என்பது அதன் சாரம்.

எதிர்ப்பக்கம் பாருங்கள். கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில், ஆளிவிதை விற்கும் ஒப்பந்தத்தின் படத்தைத் தானிய வியாபாரி போனில் அனுப்பி, உறுதிசெய்யச் சொன்னார். விவசாயி பதிலுக்குத் தம்ஸ் அப் எமோஜி அனுப்பினார். சரக்கு வராமல் வழக்கானபோது, ஒப்பந்தம் கிடைத்தது என்பதற்குத்தான் அனுப்பினேன் என்றார் விவசாயி. 2023-ல் நீதிமன்றம் அதைக் கையொப்பமாகவே ஏற்று, சுமார் 82,000 கனடா டாலர் இழப்பீடு விதித்தது. முன்பும் இதே விவசாயி "ஓகே", "சரி" என்று ஒற்றைச் சொல் அனுப்பியே ஒப்பந்தங்களை முடித்து, சரக்கையும் கொடுத்திருந்தார். அந்தப் பழக்கம்தான் அவருக்கு எதிராக நின்றது. 2024-ல் மேல்முறையீட்டிலும் தீர்ப்பு மாறவில்லை.

ஆக, உங்கள் குரூப்பில் தம்ஸ் அப்பை எண்ணி வசூலிக்கும் பழக்கத்தையே வளர்க்காதீர்கள். வாட்ஸ்அப்பில் 2022 கடைசியிலிருந்து 'போல்' (poll) என்ற ஓட்டெடுப்பு வசதி இருக்கிறது, 12 தெரிவுகள் வரை வைக்கலாம். உங்களுக்கு மூன்று போதும்: "சம்மதம்", "சம்மதமில்லை", "கூட்டத்தில் பேச வேண்டும்". மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் தயங்குபவர்கள் ஓட்டே போடாமல் இருந்துவிட்டு, பிறகு வந்து சண்டை பிடிப்பார்கள். ஒருவரே பல தெரிவுகளைத் தொட அனுமதிக்கும் பொத்தான் இயல்பாகவே திறந்திருக்கும், அனுப்பும் முன் அதை அணைத்துவிடுங்கள். கேள்வியிலேயே தொகையையும், எந்த மாதத்திலிருந்து என்பதையும், முடிவுத் தேதியையும் எழுதுங்கள். "ஏற்றலாமா?" என்று மொட்டையாகக் கேட்டால், விழும் ஓட்டுக்கும் பொருள் இருக்காது.

இதிலும் இடறும் இடங்கள் உண்டு. ஒரே வீட்டில் கணவனும் மனைவியும் குரூப்பில் இருந்தால் இரண்டு ஓட்டு விழும். வாடகைக்கு இருப்பவரும் போடுவார். எனவே பெயர்ப் பட்டியலைத் திறந்து வீட்டு எண்ணை வைத்துத்தான் எண்ண வேண்டும். போட்ட ஓட்டைப் பின்னால் மாற்றவும் முடியும் என்பதால் முடிவு நேரத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குரூப்பிலேயே போட்டுவிடுங்கள். யார் எதற்குப் போட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே சங்கத் தேர்தலை இதில் நடத்தாதீர்கள். இத்தனையும் கருத்தறிய மட்டும். தொகையை உயர்த்தும் தீர்மானத்தை உங்கள் சங்க விதிப்படி பொதுக்குழுவில்தான் நிறைவேற்ற வேண்டும்.

---

மாடிவீட்டுக்காரர்:

மூவருக்கும் நன்றி. பிரித்து அனுப்பும் யோசனையை இன்றே தொடங்கலாம். ஒரு சந்தேகம்: புகாருக்குக் கீழே சிரிப்பு விழுந்துவிட்டது, எழுதியவர் "யார் சிரிச்சது, முன்னால வா" என்று குரூப்பில் எகிறுகிறார். அந்த நேரத்தில் அட்மின் என்ன செய்வது? கைகூப்பு பற்றியும் சொல்லுங்கள், ஒருவர் அதை நக்கல் என்கிறார்.

---

நித்யா:

கைகூப்பில் நக்கலும் உண்டுதான். "போதும் சாமி, ஆளை விடு" என்று கும்பிடு போடுவது நம் ஊர்ப் பழக்கம். நீண்ட விவாதத்தின் நடுவில் ஒற்றைக் கைகூப்பு விழுந்தால் அப்படித்தான் படும். இரங்கலுக்கும் நன்றிக்கும் சிக்கலில்லை. வாக்குவாதத்தில் மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள்.

---

பழைய அட்மின்:

ரியாக்‌ஷன் வைத்ததற்கான நோட்டிஃபிகேஷன் மெசேஜை எழுதியவருக்கு மட்டும்தான் போகும். மற்ற 80 பேரும் கவனித்திருக்கவே மாட்டார்கள். அவர் குரூப்பில் கேட்ட பிறகுதான் எல்லோரும் அந்தப் பொம்மையைத் தட்டி யார் என்று பார்ப்பார்கள். எனவே முதல் வேலை, புகார் எழுதியவரைத் தனியே கூப்பிட்டு "நான் கேட்டுச் சொல்கிறேன், குரூப்பில் விட்டுவிடுங்கள்" என்பது. கூடவே லிஃப்டுக்கு ஆள் எப்போது வருகிறார் என்பதைக் குரூப்பில் போடுங்கள். அவர் எகிறுவதில் பாதி சிரிப்புக்காக, பாதி லிஃப்டுக்காக.

இரண்டாவது, சிரித்தவருக்குத் தனி மெசேஜ். "ஏன் சிரித்தீர்கள்" என்று கேட்டால் வம்பு. "அண்ணே, லிஃப்ட் மெசேஜுக்குக் கீழே சிரிப்பு விழுந்திருக்கு, கை பட்டிருக்கும்போல, எடுத்துடுறீங்களா?" என்று அவர் தப்பிக்க வழிவிட்டு எழுதுங்கள். வேண்டுமென்றே போட்டவரும் அந்த வழியில் இறங்கிவிடுவார். எடுப்பது எளிது: தன் ரியாக்‌ஷனைத் தட்டி, வரும் பட்டியலில் தன் பெயரைத் தட்டினால் போய்விடும். எடுத்ததற்கு நோட்டிஃபிகேஷன் போகாது. ஆனால் முதலில் வைத்ததை எழுதியவர் ஏற்கெனவே பார்த்திருக்கலாம், அதனால் எடுத்ததோடு நிற்காமல் "கை தவறிவிட்டது" என்று அவருக்கு ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள். ஒருவர் வைத்த ரியாக்‌ஷனை அட்மின் நீக்க முடியாது. மெசேஜையே எல்லோருக்கும் அழிக்கும் அதிகாரம் இருக்கிறது, ஆனால் புகாரை அழித்தால் சங்கமே அமுக்கப் பார்க்கிறது என்றாகிவிடும்.

"பார்த்தேன்" என்பதற்குத் தம்ஸ் அப் கேட்பதையும் நிறுத்துங்கள். நீங்கள் அனுப்பிய மெசேஜை அழுத்திப் பிடித்து இன்ஃபோ பார்த்தால் யார் படித்தார், யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று பெயரோடு வரும். நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவர்களுக்கும் குரூப்பில் அது மறையாது. ரியாக்‌ஷன் போடாதவர் படிக்கவில்லை, அல்லது எதிர்க்கிறார் என்ற கணக்கு அதோடு ஒழியும்.

அடிக்கடி புண்படுகிறவர் யாராவது இருந்தால், அவர் போனில் செட்டிங் போய் நோட்டிஃபிகேஷன் பகுதியில் குரூப்புக்கான ரியாக்‌ஷன் அறிவிப்பை மட்டும் அணைத்துக் கொடுங்கள். மெசேஜ் அறிவிப்பு வழக்கம்போல் வரும்.

விதிமுறை ஐந்து வரிக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள். இப்படி வைக்கலாம்:

"இறப்புச் செய்திக்குச் சொல்லில் இரங்கல் எழுதவும்.
புகாருக்குச் சிரிப்பு வேண்டாம்.
தம்ஸ் அப் என்றால் இங்கே 'பார்த்தேன்' மட்டும், சம்மதம் ஆகாது.
சம்மதம் கேட்க வேண்டியதற்கு ஓட்டெடுப்பு ('போல்') வரும்.
யார் ரியாக்‌ஷன் மீதாவது வருத்தம் என்றால் அட்மினிடம் தனியே சொல்லவும்."

இதைக் குரூப்பின் உச்சியில் நிற்கும்படி 'பின்' (pin) செய்து மட்டும் வைக்காதீர்கள். பின்னுக்கு அதிகபட்சம் 30 நாள்தான், பிறகு தானாக விழுந்துவிடும். குரூப் டிஸ்கிரிப்ஷனில் போட்டால் புதிதாகக் குடிவருபவரும் அதைத் திறந்து படித்துக்கொள்ளலாம்.