சுவரில் முளைத்த ஆலைப் போட்டிக்கு விடலாமா?

வளவுக்காரன் (கோண்டாவில்)
தை மாதத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து வைக்கப்போகும் சிறு போன்சாய்ப் போட்டிக்கு விதிகள் எழுதிக்கொண்டிருக்கிறேன். பெரிய பரிசு எதுவும் இல்லை. ஒருவர் மரத்தை மற்றவர் பார்த்துப் படிக்க வேண்டும் என்பதுதான் ஆசை. உயரம் சாடியின் விளிம்பிலிருந்து 20 சென்ரிமீற்றருக்குள் என்பதில் எல்லோருக்கும் சம்மதம். யப்பானியர் ஷோஹின் என்று சொல்லும் அளவு அது. அடுத்த விதியில்தான் சிக்கல். "விதை, தடி, பதியம், நாற்றுமேடைக் கன்று இவற்றில் ஒன்றிலிருந்து சொந்தக்காரரே வளர்த்த மரமாக இருக்க வேண்டும்" என்று எழுதியிருந்தேன். பாழடைந்த வீட்டுச் சுவர்களில் இருந்து ஆல், அரசு, இத்தி கழற்றி வைத்திருப்பவர்கள் உடனே மறுப்புச் சொல்லிவிட்டார்கள். தனித்தனியே தொலைபேசியில் இழுபடாமல் இங்கேயே கதைத்து முடிப்போம். என் விருப்பம் விதியை அப்படியே விடுவது.

விளாத்தி (மானிப்பாய்)
மாற்றாதீர்கள் தம்பி. இந்த அளவில் அடிமரம்தான் பாதி மரம். 20 சென்ரிமீற்றர் உயரத்துக்கு அடி 3 சென்ரிமீற்றராவது பருத்திருந்தால்தான் பார்ப்பவருக்கு முதிர்ந்த மரமாகத் தெரியும். அந்தப் பருமனைக் கன்றிலிருந்து கொண்டுவர, அதை நிலத்திலோ பெரிய தொட்டியிலோ நட்டு, ஒரு கொப்பை அதன்பாட்டில் ஆள் உயரத்துக்கு ஓடவிட வேண்டும். அந்தக் கொப்பின் இலைகள் ஆக்கும் உணவில்தான் அடி பருக்கும். பிறகு அதை வெட்டி, கீழே வெடிக்கும் தளிர் ஒன்றைப் புதிய தலையாக எடுத்து, அதையும் ஓடவிட்டு, அதையும் வெட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு படி ஒடுங்கி மரம் மேலே போகும். விதையில் போட்ட என் விளாத்தி இன்னும் அந்தப் படிகளில்தான் நிற்கிறது.

சுவர் ஆலுக்கு இதில் எதைச் செய்தீர்கள்? காகம் எச்சமிட்டது. வீடு ஆளில்லாமல் கிடந்தது. கல்லிடுக்கில் பட்டினி கிடந்து மரம் முறுகித் தடித்தது. ஒருநாள் உளியோடு போய் அந்த முதுமையைக் கழற்றி வந்து, ஒருவர் கையால் வளர்த்த நெல்லிக்குப் பக்கத்தில் வைத்து எது வடிவு என்று கேட்பது நியாயமில்லை.

சுவரேறி (நல்லூர்)
அக்கா, உளியோடு போனால் மரம் வந்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஏற்கவில்லை. வருவது ஒரு முண்டம். சுவரிடுக்கில் வளர்ந்த வேர் பலகை போலத் தட்டையாக ஒரே பக்கம் போயிருக்கும். சாடியில் வைக்க அதில் முக்கால்வாசியை வெட்ட வேண்டும். பால் நிற்கும்வரை கழுவி, அரித்தெடுத்த ஓட்டுத் துண்டில் நட்டு, நிழலில் வைத்து, பொலித்தீன் பையால் மூடி ஈரம் காத்துத் தளிருக்குக் காத்திருக்க வேண்டும். ஆல் இனம் உரமானது. ஒரு இலையும் இல்லாத முண்டத்திலிருந்தும் துளிர்க்கும். ஆனால் துளிர்த்த பிறகு இருப்பது அடிமரம் மட்டுமே. ஒரு கொப்புக்கூடக் கிடையாது. எந்தத் தளிரை விடுவது, எதைக் கிள்ளுவது, எங்கே கம்பி சுற்றுவது என்று முதலாவது கொப்பிலிருந்து உச்சிவரை எல்லாம் புதிதாகக் கட்ட வேண்டும். வெட்டுக்காயத்தைச் சுற்றிப் பட்டை உருண்டு வந்து மூடும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வெறுமையான பக்கத்தில் வேர் வர, பட்டையைக் கீறி ஈரத் தும்பு வைத்துக் கட்ட வேண்டும். இதெல்லாம் வளர்ப்பு இல்லையா?

யப்பானில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. டோக்கியோவில் 1934 முதல் நடக்கும் கொகுஃபு போன்சாய்க் கண்காட்சியில் மரம் இன்று எப்படி நிற்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். விதை போட்டவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. ஷிகொக்கு தீவின் இஷிசுச்சி மலைப்பாறைகளில் கயிறு கட்டி இறங்கி எடுத்த ஷிம்பாகு என்னும் ஜூனிபர் மரங்கள் அங்கே தலைசிறந்தவற்றில் அடங்கும். காட்டிலிருந்து எடுத்த மரத்துக்கு யமதோரி என்று மரியாதையான பெயரே வைத்திருக்கிறார்கள்.

விளாத்தி (மானிப்பாய்)
இஷிசுச்சிக் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள் தம்பி. அந்த மரங்களைத் தேடிப் போனவர்களில் பாறையிலிருந்து விழுந்து செத்தவர்களும் உண்டு. கடைசியில் நல்ல மரங்கள் மலையில் அருகிப்போய், வளர்ப்பவர்கள் தடி வைத்துப் பெருக்கும் வழிக்கு வந்தார்கள். போட்டியில் பரிசு கொடுக்கத் தொடங்கினால் எடுப்பவர் தொகை கூடும். சுவர் ஆலை எடுத்து முடிந்தால் அடுத்து எங்கே போவார்கள்? வன்னிக் காட்டுப் பாலைக்கும் உலுவிந்தைக்கும்தான். அவை ஆல் இல்லை. வேரோடு பிடுங்கிய பாலை பத்தில் எத்தனை பிழைக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்று, அந்தச் சுவர் யாருடையது? ஆளில்லாத வளவு என்றால் சொந்தக்காரர் இல்லாத வளவு என்று பொருளல்ல. சொந்தக்காரர் லண்டனிலோ பாரிஸிலோ இருக்கிறார், அவ்வளவுதான். கோட்டைச் சுவரிலும் பழைய கோயில் மதில்களிலும் இத்தி நிற்கிறது. 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. அனுமதியில்லாமல் அப்படியான இடத்தில் உளி வைப்பது குற்றம். அதைக்கூடச் சொல்லாமல் ஒரு விதி எழுதக் கூடாது.

சுவரேறி (நல்லூர்)
கோட்டையைப் பற்றியும் கோயிலைப் பற்றியும் நூற்றுக்கு நூறு சம்மதம். அங்கே கை வைத்தவரைப் போட்டிக்குள் விடவே கூடாது. காட்டு மரத்தையும் தடை செய்யுங்கள், நானும் கையொப்பம் வைக்கிறேன். நான் கேட்பது வீட்டுச் சுவரில் முளைத்ததை, சொந்தக்காரர் சொல்லி எடுத்ததை. அந்த ஆலை விட்டுவைத்தால் வேர் தடித்துச் சுவர் பிளக்கும். எப்படியும் அதை வெட்டி எரிக்கத்தான் போகிறார்கள்.

மயிலிட்டியான்
நான் சின்னச் சாடிகளில் தேசியும் மாதுளையும் வைத்திருப்பவன். இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை.

யுத்தத்தால் நாங்கள் 1990 இல் வீட்டை விட்டு வெளிக்கிட்டோம். இராணுவத்திடம் இருந்த எங்கள் காணி 2017 இல் தான் திரும்பக் கிடைத்தது. கூரை இல்லை. குசினிச் சுவரின் மூலையில் ஒரு ஆல் நின்றது. புதுவீட்டுக்கு அத்திவாரம் போட அந்தச் சுவரை இடிக்க வேண்டியிருந்தபோது, அம்மா அந்த மரத்தைக் கொல்ல வேண்டாம் என்றார். பெரிய பகுதியை வளவின் எல்லையில் நட்டோம். கிளையாகப் போயிருந்த சிறு துண்டு ஒன்று வேரோடு தனியே வந்தது. அதைத்தான் சாடியில் வைத்திருக்கிறேன். இப்போது 18 சென்ரிமீற்றர். அக்கா, உங்கள் விதிப்படி இது என் மரம் இல்லையா? நாங்கள் இல்லாத காலத்தில் எங்கள் வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். போட்டியில் வெல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மேசையில் மற்ற மரங்களோடு ஒரு இடம் வேண்டும்.

விளாத்தி (மானிப்பாய்)
அண்ணை, உங்கள் மரத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அது மேசையில் கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. இடம் கொடுப்பது வேறு, ஒரே அளவுகோலால் அளப்பது வேறு. காட்சிக்கு ஒரு பக்கம், போட்டிக்கு ஒரு பக்கம் என்று வைத்தால் என்ன?

சுவரேறி (நல்லூர்)
அப்படிப் பிரித்தால் எங்கள் மரங்கள் இரண்டாந்தரம் என்று எழுதி ஒட்டியதாகிவிடும். வேண்டாம்.

கடலோரம் (பருத்தித்துறை)
நீங்கள் எல்லோரும் மரம் எங்கிருந்து வந்தது என்று அடிபடுகிறீர்கள். தை மாதத்தை ஒருவரும் கேட்கவில்லையே? ஆலுக்கும் அரசுக்கும் 20 சென்ரிமீற்றரில் இருக்கும் முதல் பிரச்சினை இலை. மரம் உள்ளங்கையில் நிற்கும், இலை உள்ளங்கையை மூடும். இலையைச் சிறிதாக்க ஒன்றரை இரண்டு மாதத்துக்கு முன் காம்பை விட்டு இலை முழுவதையும் கத்தரிக்க வேண்டும். அடுத்து வருவது சிறிதாக வரும். தை மாதப் போட்டி என்றால் கார்த்திகையில் கத்தரிக்க வேண்டும். கார்த்திகையில் வானம் மூடிக் கிடக்கும். வெயில் போதாத புது இலை பெரிதாகும், கணுவுக்குக் கணு நீளும். கத்தரித்த பயனே போய்விடும். மாரி ஓய்ந்து, நல்ல வெயிலில் துளிர்த்த இலைதான் சிறிதாகவும் தடிப்பாகவும் இருக்கும். போட்டியைச் சித்திரைக்குத் தள்ளுங்கள். இது விதை மரத்துக்கும் சுவர் மரத்துக்கும் பொது.

பலவீனமான மரத்தில் இலை கழிக்க வேண்டாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். போட்டிக்காக அதைச் செய்து மரத்தைச் சாகடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

வளவுக்காரன் (கோண்டாவில்)
சித்திரையில் வெக்கை, அண்ணை. இந்தச் சின்னச் சாடிகள் காலையில் ஊற்றிய தண்ணீரை மதியத்துக்குள் விட்டுவிடும். பார்வையாளர் முன்னால் வாடிய மரத்தை வைக்க முடியுமா?

கடலோரம் (பருத்தித்துறை)
வெக்கைக்குப் பயந்தால் யாழ்ப்பாணத்தில் சிறு சாடி வைக்கவே முடியாது. சாடியை ஈர மணல் தட்டில் பாதி புதைத்து வையுங்கள், நாள் முழுக்கத் தாங்கும். வெறும் செம்மண்ணில் நட்டவர்களுக்குத்தான் உண்மையான கரைச்சல். தோட்டத்தில் அது தங்கம். இரண்டு விரல் ஆழச் சாடியில் நனைந்து காய்ந்து இறுகிவிடும், மேலே ஊற்றியது ஓரத்தால் ஓடும். 3 முதல் 5 மில்லிமீற்றர் ஓட்டுத் துண்டும் செங்கல் துண்டும், கொஞ்சம் உக்கிய எருவும் போதும். யப்பானிய அக்கடாமா மண் வாங்கக் கொழும்புக்கு ஆள் அனுப்ப வேண்டியதில்லை.

கிணற்றுத் தண்ணீரையும் பாருங்கள். எங்கள் அடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல். அந்தத் தண்ணீரையே ஊற்றிவந்தால் சாடியிலும் அடிமரத்திலும் வெள்ளை படியும், புதுத் தளிர் நரம்பு பச்சையாகவும் நடுவெளி மஞ்சளாகவும் வரும். மண்ணில் இரும்பு இருந்தாலும் சுண்ணாம்பு அதை வேர் எடுக்க விடாது. மாரியில் கூரைத் தண்ணீரைப் பிடித்துவைத்து இடைக்கிடை ஊற்றுங்கள். போட்டிக்கு முதல்நாள் அடிமரத்து வெள்ளையைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துவிடலாம்.

மாறன் (ரொறன்ரோ)
தூரத்திலிருந்து ஒரு கருத்து. நீங்கள் பகிர்ந்த படங்களில் விதை மரமும் சரி சுவர் மரமும் சரி, எல்லாம் பைன் மரமாக நிற்கின்றன. கொப்புகளைக் கம்பியால் கீழே இழுத்து, தட்டுத் தட்டாக இலை அடுக்கி, உச்சியில் ஒரு கூம்பு. பனியின் பாரத்தில் கொப்பு தாழும் நாட்டின் உருவம் அது. இங்கே குளிர்காலத்தில் ஜன்னலுக்கு வெளியே அதைத்தான் பார்க்கிறேன். எங்கள் ஆல் அப்படியா நிற்கிறது? அகன்று, விழுது இறக்கி, தன் நிழலை விட்டு வெளியேயும் கை நீட்டி நிற்கும். உடை மரம் குடை விரித்து நிற்கும். இவற்றைப் பார்த்துச் செய்யுங்கள். சீனாவின் தென்பகுதியில் லிங்னான் முறை என்று ஒன்று உண்டு. கம்பியை நம்பாமல் வளரவிட்டு வெட்டி, வளரவிட்டு வெட்டியே கோணம் எடுப்பார்கள். கெதியாக வளரும் எங்கள் மரங்களுக்கு அது நன்றாகப் பொருந்தும். கம்பி சுற்றிய ஆலை ஒரு மாதம் மறந்தால் பட்டையில் பதிந்த வடு நெடுங்காலம் போகாது.

சுவரேறி (நல்லூர்)
மாறன் அண்ணா சொன்னது என் மனதில் நெடுநாளாக இருந்தது. விழுது இறக்க ஒரு வழி சொல்கிறேன்: கொப்பில் வேர் நுனி தெரிந்தவுடன் குளிர்பானக் குழல் ஒன்றை நீளவாக்கில் கீறி அதன்மேல் மாட்டி, உள்ளே ஈரத் தும்பு நிரப்பி மண்வரை விடுங்கள். வேர் காற்றில் காயாமல் நேரே கீழே இறங்கும். மாரிக்காலந்தான் அதற்கு வாய்ப்பு.

புதியவள்
ஒரு கேள்வி. யாழ்ப்பாணத்துப் போட்டியில் பனை இல்லாமலா? பனையைப் போன்சாய் ஆக்க முடியாதா?

விளாத்தி (மானிப்பாய்)
முடியாது தங்கச்சி. பனைக்கு ஒரே ஒரு குருத்து. அதை வெட்டினால் மரம் போச்சு. வெட்டிய இடத்தில் கொப்பு வெடிக்காது, அடிமரமும் மற்ற மரங்களைப் போல் ஆண்டுக்காண்டு பருக்காது. நெல்லியில் தொடங்குங்கள், புளியிலும் தொடங்கலாம். புளியின் இலை தானாகவே சிறிது, வெட்டப் பயப்படாத மரம்.

வளவுக்காரன் (கோண்டாவில்)
சரி, இரண்டு நாட்களாக யோசித்து விதியை இப்படித் திருத்தியிருக்கிறேன். மரம் எங்கிருந்து வந்தாலும், கடைசி இரண்டு மாரிகள் சொந்தக்காரரின் சாடியில் இருந்திருக்க வேண்டும்; தொடக்கத்தில் எடுத்த படம் காட்ட வேண்டும். வீட்டுச் சுவரில் எடுத்ததென்றால் காணிக்காரரின் சம்மதம் வேண்டும். காட்டு மரம், கோயில் மதில், கோட்டை, பழைய கட்டடங்கள் எதிலிருந்து எடுத்ததும் சேராது. மயிலிட்டி அண்ணையின் மரத்துக்கு இடம் உண்டு. கடையில் வளைத்து விற்கும் மரத்தை வாங்கி அப்படியே கொண்டுவருவதற்கும் இரண்டு மாரி விதி தடை போடும்.

விளாத்தி (மானிப்பாய்)
இரண்டு மாரி போதாது என்பதுதான் இப்போதும் என் எண்ணம். பெரும்பான்மை அப்படியென்றால் புள்ளியிலாவது நியாயம் வையுங்கள். 100 இல் அடிமரத்துக்கு 20 க்கு மேல் கொடுக்க வேண்டாம். கொப்பு அமைப்புக்கும் இலைக்கும் 50. அது ஒருவரும் சுவரிலிருந்து கழற்றி வர முடியாதது.

சுவரேறி (நல்லூர்)
அடிமரத்துக்கு 20 என்பதற்குச் சம்மதம் அக்கா. மிச்சம் 30 ஐயும் மண்ணுக்கு மேல் தெரியும் வேருக்குக் கொடுங்கள். எங்கள் மரங்கள் அங்கேதான் தோற்கும், தெரிந்துதான் கேட்கிறேன். ஒருபக்க வேரைச் சுற்றிவர எடுத்தவன் எடுக்காதவனை வெல்ல வேண்டும்.

வளவுக்காரன் (கோண்டாவில்)
20, 50, 30. எழுதிக்கொண்டேன். தையா சித்திரையா என்பதற்கு வெள்ளிக்கிழமைக்குள் ஒவ்வொருவரும் ஒரு வரி எழுதுங்கள். சித்திரை என்றால் இலை கழிப்பதை மாசியில் செய்ய வேண்டியிருக்கும்.